பேர் நீக்கப்படாத எட்டு நிழல்கள்

கோகந்த் நகரத்தின் தெகிர்மோன் தெருவில், முப்பத்தொன்றாம் எண் வீட்டில் ஆட்கள் மூன்று பேர், நிழல்கள் பதினொன்று. மூன்று நிழல்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு: எரிவாயு அடுப்பு பழுதுபார்க்கும் கோபில், அவன் மனைவி மஸ்தூரா, புருஷனை விட்டுவிட்டுத் தம்பி வீட்டுக்கே வந்து சேர்ந்த கோபிலின் அக்கா ஹுர்ரியத். மீதி எட்டும், அந்த வீட்டில் எப்போதோ குடியிருந்துவிட்டு, போகும்போது வீட்டுப் புத்தகத்தில் பேரை நீக்கிக்கொள்ளாமல் போனவர்களுடையவை. சோவியத் காலத்தில் வீட்டுக்கு ஒரு புத்தகம் உண்டு. யார் வந்து தங்கினாலும் பேர், பிறந்த வருடம், வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்று அதில் எழுதி, பதிவு அலுவலகத்தில் முத்திரை வாங்கவேண்டும். போகும்போது அதே அலுவலகத்தில் சிவப்புக் கோடு போட்டு நீக்கவேண்டும். கோடு போடாமல் போனவன் ஆப்பிரிக்காவுக்கே போயிருந்தாலும் சட்டப்படி இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறான். மற்ற வீடுகளில் அது வெறும் சட்டம். முப்பத்தொன்றில் அது சுவரில் தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பெண் கொடுக்க வந்தவர்களிடம், வீட்டில் கரையான் இருந்தால் சொல்வதுபோல, முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். தெற்குச் சுவரில் ஒரு தையற்காரரின் நிழல் காலை நொண்டிக்கொண்டே ஊசியில் நூல் கோக்கும். மாட்டுக்கொட்டகைச் சுவரில் கிரிமியத் தாத்தார் சகோதரர்கள் இருவரின் நிழல்கள் 1944 முதல் மல்யுத்தம் பண்ணிக்கொண்டிருந்தன. இதுவரை யாரும் ஜெயித்ததில்லை. தொப்பி போட்ட போலந்துப் பல் வைத்தியர் ஒருவர், எந்நேரமும் தலை வாரும் தாதி ஒருத்தி, விரலை நீட்டி எதையோ விளக்கிக்கொண்டிருக்கும் கொரிய வாத்தியார் ஒருவர், துணி காயப்போடும் கயிற்றின் நிழல்மேல் சமநிலைக் கம்போடு நடக்கும் கழைக்கூத்தாடி ஒருவன். எட்டாவது ஒரு சிறு பெண்ணின் நிழல், ஒன்பது வயது உயரம், இரட்டைப் பின்னல்.

அந்தப் பெண்ணை சனோபர் என்று அழைத்தார்கள். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது: சனோபர், பிறப்பு 1937, வீட்டுத் தலைவர் ஹோஷிமின் மகள். ஹோஷிம் என்பவர் கோபிலின் தாத்தா. யுத்த காலத்தில் பிள்ளை அம்மைநோயில் போய்விட்டது, கிழவர் துக்கத்தில் கோடு போட மறந்துவிட்டார் என்பது குடும்பத்தில் வழிவழியாக வந்த பேச்சு. ஹோஷிம் எதையும் மறக்கிற ஆசாமி இல்லை, இரவல் கொடுத்த மண்வெட்டியைப் பதினெட்டு வருடம் கழித்துத் திருப்பிக் கேட்டவர் என்பதும் அதே குடும்பத்துப் பேச்சுதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மஸ்தூரா இருபத்திரண்டு வயதில் இந்த வீட்டுக்கு வாழ வந்தாள். வந்த மூன்றாம் நாள், முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, தரையில் தன் நிழலின் கையை ஒரு சின்ன நிழல் வந்து பிடித்துக்கொண்டதைப் பார்த்தாள். கையில் பாரம் எதுவும் இல்லை. உள்ளங்கை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு வருடங்கள் போயின. வைத்தியர்கள், மூலிகைக்காரர்கள், ஷாஹிமர்தான் தர்கா, தாஷ்கந்தில் ஒரு பெரிய டாக்டர் என்று எல்லாம் பார்த்தாயிற்று, வயிறு திறக்கவில்லை. காலுறை ஆலையில் வேலை. அங்கே கழித்துப்போட்ட சின்ன அளவுக் காலுறைகளைக் கொண்டுவந்து, கொடியில் இடம் பார்த்துத் தொங்கவிட்டால், அவற்றின் நிழல் அந்தப் பிள்ளையின் கால்மேல் விழும். குளிர்காலத்தில் கம்பளித் தலைக்குட்டை, கோடையில் பூப்போட்ட கவுன். நிழலுக்கு உடுத்திவிடுவது இப்படித்தான். இருபத்துநான்கு வருடமாக அவள் இதைச் செய்துவந்தாள். வீட்டில் இதைப்பற்றிப் பொதுவாகப் பேசமாட்டார்கள். ஹுர்ரியத் மட்டும் சும்மா இருக்கமாட்டாள்.

"நெழலுக்குக் காலுறை மாட்டிவிடறவளுக்கு வீடு எதுக்குடி? ஒரு வெளக்குக் கம்பம் போதுமே" என்பாள்.

2019 செப்டம்பர் பதினாறாம் தேதி, திங்கட்கிழமை, தெரு அகலப்படுத்தும் குழுவிலிருந்து நோசிர் என்ற எழுத்தர் வந்தார். ஒல்லியான மனிதர். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்கு அன்று சோறு இறங்காது என்று சொல்வார்கள். சுவர்களைப் பார்த்தார், நிழல்களை எண்ணினார், புத்தகத்தோடு ஒப்பிட்டார், சரியாக இருக்கிறது என்றார். பிறகு விஷயத்தைச் சொன்னார். தெரு முழுக்க இடிபடுகிறது. புதுக் குடியிருப்பில் மாற்று வீடு தருவார்கள். ஆனால் புத்தகத்தில் பேர் உள்ள ஒவ்வொருவருக்கும் கணக்கு முடிந்தால்தான் உத்தரவு கிடைக்கும்: ஆள் நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும், இல்லையென்றால் இறப்புக்குச் சான்று வேண்டும், அதுவும் இல்லையென்றால் வேறு ஊரில் பதிவானதற்குச் சான்று வேண்டும். கெடு நாற்பது நாள். அக்டோபர் இருபத்தாறு, சனிக்கிழமை, மதியம் ஒரு மணிக்கு அலுவலகம் மூடும். அதற்குப்பிறகு வீட்டை இடிப்பது நிச்சயம், வேறு வீடு தருவதுதான் நிச்சயமில்லை.

கோபில் நல்லவன், ஆனால் காகிதத்தைக் கண்டால் அவனுக்குக் காய்ச்சல் வரும். ஹுர்ரியத்துக்கு வாய் உண்டு, பொறுமை கிடையாது. ஆக, அலைச்சல் மஸ்தூராவின் தலையில் விழுந்தது. ஆலையில் நாற்பது நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நகர ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். அங்கே கிளாரா பாக் என்ற கொரியப் பெண்மணி இருந்தார். அறுபது வயது, மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு, மேசையில் ஒரு ஜாடி காரக் காரட். மஸ்தூரா எட்டுப் பேரையும் சொன்னாள். கிளாரா அம்மாள், காணாமல்போனவர்களைப் போலீஸ் தேடும், போனவர்களைக் காகிதம்தான் தேடும் என்று சொல்லி, முதல் காகிதக் கட்டை அவிழ்த்தார்.

நொண்டித் தையற்காரர் 1938-ல் கைதானவர் என்பது தெரிந்தது. கரகந்தா கைதி முகாமில் இறந்ததாகவும் பிறகு குற்றமற்றவர் என்று அரசே எழுதிக்கொடுத்ததாகவும் காகிதம் கிடைத்தது. நோசிர் சிவப்புக் கோடு போட்ட அதே நிமிடம், முற்றத்தில் அவர் நிழல் ஊசியைச் சட்டை மடிப்பில் குத்திக்கொண்டு, வாசல்வரை நொண்டிப் போய், அதற்கப்பால் இல்லாமல் போனது. பல் வைத்தியர் 1942-ல் பட்டாளத்தோடு பாரசீகத்துக்குப் போய் அங்கேயே அடக்கமானவர். தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். தாதி ஓஷ் நகரத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஐந்து பிள்ளை பெற்று எழுபத்தெட்டு வயதில் இறந்திருந்தாள். சீப்பை விட்டுவிட்டு நடுவகிட்டோடு போனாள். கொரிய வாத்தியாரைக் கண்டுபிடிக்க ஆறு நாள் பிடித்தது. அவர் போகும்போதும் விரலை நீட்டி எதையோ விளக்கிக்கொண்டே போனதாக ஹுர்ரியத் சொன்னாள். மல்யுத்தச் சகோதரர்கள் இருவரும் பெக்காபாத் சிமெண்டு ஆலையில் வேலை பார்த்து, ஒரே வருடம் இறந்திருந்தார்கள். நோசிர் தெரியாத்தனமாக மூத்தவனின் பேரை முதலில் அடித்துவிட்டார். இளையவன் கால்மணி நேரம் வெறுங்காற்றோடு மல்லுக்கு நின்றான். கழைக்கூத்தாடி எழுபதுகளில் ஒரு திருவிழாவில் கீழே விழுந்தவன். கயிற்றின் நிழலிலிருந்து இறங்காமல் அப்படியே சுவர் தாண்டி நடந்துபோனான்.

இப்படி முப்பது நாள் ஓடியது. தெருவின் மேற்கு முனையிலிருந்து புல்டோசர் ஒவ்வொரு வீடாக விழுங்கிக்கொண்டு வந்தது. தினம் சாயங்காலம் மஸ்தூரா திரும்பும்போது, காலையில் இருந்த ஒரு வாசல் இருக்காது. அடுப்புச் சுவர் ஒன்று மட்டும் நின்றுகொண்டிருக்கும், அல்லது வேரோடு சாய்ந்த முசுக்கட்டை மரம் கிடக்கும். புழுதி வீட்டுக்குள் வந்து தேநீர்க் கிண்ணத்தில் படிந்தது. ஒவ்வொரு நிழல் போகும்போதும் சின்னப் பெண்ணின் நிழல் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்து மஸ்தூராவின் நிழலுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். மஸ்தூரா சனோபரின் கட்டை மட்டும் கேட்கவே இல்லை. கிளாரா அம்மாள் இரண்டு தடவை நினைவூட்டினார்; இரண்டு தடவையும் மஸ்தூரா, முதல்ல மத்தவங்களை முடிச்சிடலாம் என்றாள். அந்தப் பேர்மேல் கோடு விழுந்தால் பிள்ளை போய்விடும், விழாவிட்டால் மூன்று பேர் நடுத்தெருவில் நிற்பார்கள். இது அவளுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்ததைத் தள்ளிப்போடத்தான் ஏழு பேரையும் அப்படிப் பறந்து பறந்து தேடினாள்.

அக்டோபர் பதினாறாம் தேதி தள்ளிப்போட வேறு பேர் மிச்சமில்லை. கிளாரா அம்மாள் எதிரே இரண்டு காகிதங்களை வைத்தார். ஒன்று தொற்றுநோய் விடுதியின் பட்டியல்: 1943 பிப்ரவரி பதினொன்று, தட்டம்மை, ஹோஷிமின் மகள் சனோபர், வயது ஆறு, இறப்பு. மற்றது அவர்கள் குடியிருப்புப் பகுதியான மஹல்லாவின் பள்ளிக்கூடப் பதிவேடு: 1944 செப்டம்பர், முதல் வகுப்பில் சேர்க்கை, ஹோஷிமின் மகள் சனோபர், வருகை ஒழுங்கு, கணக்கில் நல்ல மதிப்பெண்.

"செத்த பிள்ளை ஒன்றரை வருஷம் கழிச்சுப் பள்ளிக்கூடம் போகாது" என்றார் கிளாரா அம்மாள். "போனாலும் கணக்குல நல்ல மார்க் வாங்காது."

பதிவேட்டில் கடைசிக் கட்டத்தில் ஆசிரியை எழுதியிருந்தார்: 1946 மே, தாய் ஃபைனா லெவித்ஸ்கயா வந்து அழைத்துச் சென்றார், பென்சா நகரம். பாக்கியை இருவரும் பேசாமலே புரிந்துகொண்டார்கள். யுத்தத்தில் வீடிழந்து, பெற்றோரைப் பிரிந்து ரயில் ரயிலாக வந்த பிள்ளைகளை இந்த ஊர்க்காரர்கள் ஸ்டேஷனிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஹோஷிம் தன் மகள் இறந்ததைப் பதியவில்லை. பதிந்திருந்தால் அவள் பேரில் இருந்த ரொட்டி ரேஷன் அட்டை போயிருக்கும். அந்த அட்டையையும் அந்தப் பேரையும், ஸ்டேஷனில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு அன்னியப் பிள்ளைக்குக் கொடுத்தார். அம்மா வந்து பிள்ளையை மீட்டுக்கொண்டு போனபோது அவரால் கோடு போட முடியவில்லை. போட்டால் செத்தவள் பேரில் இத்தனை வருடம் ரொட்டி வாங்கிய குற்றம் வெளியே வரும். பிள்ளை போய்விட்டது. நிழல் நின்றுவிட்டது.

மஸ்தூரா விடுதிப் பட்டியலின் நகலைப் பையில் வைத்துக்கொண்டாள். அந்த ஒரு தாள் போதும். நோசிரிடம் கொடுத்தால் நாளைக்கே கோடு விழும், வீடு கிடைக்கும். ஆனால் நிழல் எங்கே போகும்? காகிதம் சொல்லும் இடத்துக்குத்தான் போகும்: எழுபத்தாறு வருடம் முன்னால் மூடிய, கல்கூட வைக்காத, வேறு ஒரு பிள்ளையின் குழிக்கு.  மஸ்தூரா காப்பகத்துப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். கிளாரா அம்மாள் வெளியே வந்தார், தேற்றவில்லை. பென்சா முகவரி அலுவலகத்துக்கு விசாரணைக் கடிதம் அனுப்பியிருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. பிரோன்யா லெவித்ஸ்கயா, பிறப்பு 1937, தாயார் பேர் ஃபைனா, உயிரோடு இருக்கிறார், தொலைபேசி எண் இது. மஸ்தூரா தன் உடைந்த ருஷ்ய மொழியை வைத்துக்கொண்டு எண்ணைச் சுழற்றினாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று நாலு நாளாக யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோய், நேரே கேட்டுவிட்டாள்.

"அம்மா, உங்களுக்கு நெழல் விழுதா?"

 அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிழக்குரல், "நீங்க எந்த ஆஸ்பத்திரி?" என்றது.

சிறுவயதில் டாக்டர்கள் நிறையப் பேர் பார்த்தார்களாம். பசியில் வளர்ந்த பிள்ளை, சத்துக் குறைவு என்று ஒருவர் எழுதினாராம், மீன் எண்ணெய் கொடுத்தார்களாம். பிரோன்யா மேகம் போட்ட நாட்களில் மட்டும் வெளியே போய்ப் பழகிக்கொண்டார். பென்சாவில் மேகத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் படிப்பு, நூலக வேலை, ஓய்வூதியம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. ஒருத்தன் கோடைகாலத்தில் நதிக்கரைக்குக் கூப்பிட்டான், போகமுடியவில்லை, அவன் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். மஸ்தூரா நடந்ததையெல்லாம் சொல்லி முடித்ததும் கிழவி, "அது என்னுது. நான் வந்து எடுத்துக்கறேன்" என்றார். நல்லா இருக்கா என்றுகூடக் கேட்கவில்லை. ஃபோனை வைத்தபிறகு மஸ்தூரா கொடியில் கிடந்த சின்னக் காலுறைகளை எடுத்து மடித்து வைத்தாள். பெற்ற தாய் ஒருமுறை வந்து பிள்ளையைக் கூட்டிப்போன வீடு இது. இப்போது பிள்ளையே வந்து தன்னைக் கூட்டிப்போகப் போகிறது. நியாயம் அதுதான். நியாயம் என்பதால் வலிக்காமல் இருக்குமா என்ன.

ஆனால் விமானச் சீட்டு, தாஷ்கந்த் ரயில் எல்லாம் பார்த்தால் கிழவி வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு முன்னால் வந்துசேர வழியில்லை. மறுநாள் ஒரு மணிக்குக் கெடு.  புல்டோசர் பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டது. நடுவில் உள்ள பொதுச்சுவர் அதிரும்போது அலமாரியில் கிண்ணங்கள் தந்தியடித்தன. எண்பத்திரண்டு வயதுக் கிழவியை நம்பி மூன்று உயிரைப் பணயம் வைக்கிறாயா என்று ஹுர்ரியத் மஸ்தூராவைக் காலையில் கேட்டாள், மத்தியானம் கேட்டாள், சாப்பிடும்போது பலோ சோற்றில் கை வைக்காமல் கேட்டாள். கோபில் இரண்டு பேருக்கும் தலையாட்டினான்.

வெள்ளிக்கிழமை ரயில் சரியாக வந்தது. குள்ளமான கிழவி, கைத்தடி, தலையில் நீல பெரே தொப்பி. கோபில் தன் பழைய காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். வெயில் சாய்ந்து, முற்றம் முழுக்க நிழல்கள் நீளமாகக் கிடந்த நேரம். பிரோன்யா வாசற்படி தாண்டி உள்ளே வந்தார். அவர் காலடியில் எதுவும் இல்லை, தண்ணீர் கொட்டித் துடைத்தது போல வெறும் தரை. சின்ன நிழல் அவரைப் பார்த்தது. பார்த்துவிட்டு, மஸ்தூராவின் நிழலுக்குப் பின்னால் போய், பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒளிந்தது. கிழவி குனிந்து கையை நீட்டினார். நீட்டிய கைக்குத் தரையில் நிழல் விழவில்லை. பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. வெகுநேரம் அப்படியே கையை நீட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் கோபில் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான்.

தேநீர் ஊற்றும்போதுதான் ஹுர்ரியத் வாயைத் திறந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்.

"ஒன் பையில இருந்த ஆஸ்பத்திரித் தாளை மத்தியானமே நோசிர்கிட்ட குடுத்துட்டேன். காலையில மொத வேலையா கோடு போடறேன்னிருக்கார். என்னை என்ன வேணா சொல்லு. எனக்கு இந்த வயசுல தெருவுல படுக்க முடியாது மஸ்தூரா."

மஸ்தூரா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். திட்டியிருந்தால் ஹுர்ரியத் திரும்பித் திட்டியிருப்பாள், இருவருக்கும் ஆறியிருக்கும். மஸ்தூரா எழுந்து வெளியே போய், மடித்து வைத்த காலுறைகளை மறுபடி கொடியில் போட்டாள். பிரோன்யா ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் ஈரமில்லாத துணியைக் காயப்போடுகிறாள் என்று கோபிலிடம் கேட்டார். கோபில் தரையைக் காட்டினான். அங்கே பிள்ளையின் நிழல் ஒரு காலை மாற்றி ஒரு காலை நீட்டி, காலுறை போட்டுக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை அலுவலகம் ஒன்பதுக்குத் திறக்கும். எட்டேகாலுக்கே நால்வரும் வாசலில் நின்றார்கள். ஹுர்ரியத்தும் வந்திருந்தாள், பத்தடி தள்ளி. கதவு திறந்ததும் மஸ்தூரா ஓடினாள். நோசிர் புத்தகத்தைப் பிரித்து வைத்து, விடுதிப் பட்டியலை அதன்மேல் வைத்து, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி, அளவுகோலைச் சனோபரின் பேருக்குக் கீழே சரியாகப் பொருத்தியிருந்தார்.

"போடாதீங்க" என்றாள் மஸ்தூரா. "அவ சாகல. இதோ நிக்கறாங்க."

நோசிர் பேனாவை மேசைக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்திக்கொண்டு கிழவியைப் பார்த்தார். பள்ளிப் பதிவேட்டு நகலைப் பார்த்தார், பென்சா கடிதத்தைப் பார்த்தார், பாஸ்போர்ட்டில் தாயார் பேரைப் பார்த்தார். எல்லாம் ஒத்துப்போயிற்று. அப்படியானால் இன்னும் சுலபம் என்றார். ஆள் உயிரோடு, வேறு ஊரில் பதிவாகி இருக்கிறார். ஒருவருக்கு இரண்டு இடத்தில் பதிவு கூடாது. இறப்புக்குப் பதில் இடமாற்றம் என்று எழுதி அதே கோட்டைப் போடலாம். நிழல் அம்மையாரோடு பென்சாவுக்குப் போகும். இங்கே ஒரு கையெழுத்து. படிவத்தைத் திருப்பி வைத்தார்.

பிரோன்யா பேனாவை வாங்கினார், கையெழுத்துப் போடவில்லை. ஜன்னலோரம் நல்ல வெயில் விழுந்துகொண்டிருந்தது. அதில் போய் நின்றார். மஸ்தூராவின் நிழலும், கோபிலின் நிழலும், கதவோரம் நின்ற ஹுர்ரியத்தின் நிழலும் தரையில் கிடந்தன. கிழவி நின்ற இடம் காலியாக இருந்தது.

"நேத்து எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார். "எனக்கு எண்பத்திரண்டு. அதுக்கு ஒன்பது. அது ஓடும், நான் விழுவேன். என் அம்மா என்னைத் தேடி மூவாயிரம் கிலோமீட்டர் வந்தா, நல்லா இருந்தவளை இழுத்துட்டுப் போனா. ரெண்டு வருஷம் அவளை நான் அம்மான்னே கூப்பிடல. அந்தப் பாவத்தை நான் இன்னொருக்கா பண்ணமாட்டேன். பென்சாவுல பதிவானது இந்த ஒடம்பு. இங்க பதிவானது அது. வீடு மாறிப் போறவங்களுக்கு வேற படிவம் இருக்குமே, அதைக் குடுங்க."

நோசிர் விதிப் புத்தகத்தை எடுத்தார். மணி பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. வெளியே வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு ஆளுக்கு இரண்டு பதிவு கூடாது என்று விதி இருந்தது. ஆளும் ஆளின் நிழலும் ஒரே இடத்தில் பதிவாகவேண்டும் என்று எங்கேயும் இல்லை. அவர் பின்னிணைப்புகளையும் படித்தார். அதிலும் இல்லை. பன்னிரண்டே காலுக்குக் குடும்பத்தோடு இடம் மாறுவோருக்கான படிவத்தை எடுத்து, பேர் எழுதினார், பிறப்பு 1937 என்று எழுதினார், உறவு என்ற கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார். புத்தகத்தின்படி ஹோஷிமின் மகள், ஆகவே வீட்டுத் தலைவர் கோபிலுக்கு அத்தை முறை என்றார். அத்தை என்று எழுதிவிடலாமா என்று கேட்டார்.

யாரும் பதில் சொல்வதற்கு முன்னால் கதவோரத்திலிருந்து ஹுர்ரியத்தின் குரல் வந்தது.

"என்ன அத்தை? இருவத்துநாலு வருஷமா உடுத்தி விட்டவ இங்க நிக்கறா. மகள்னு எழுதுய்யா."

நோசிர் படிவத்தைப் பார்த்தார். தாயின் பிறப்பு 1973, மகளின் பிறப்பு 1937. இப்படி இருக்கக்கூடாது என்று எதிலாவது எழுதியிருக்கிறதா என்று இன்னொரு முறை தேடினார். கட்டம் காலியாகவே இருந்தது, மணி பன்னிரண்டு ஐம்பது. அவர் 'மகள்' என்று எழுதினார். பிரோன்யா தனக்கு ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்டார், கோபில் போட்டான். மஸ்தூரா அவசரத்தில் கட்டத்தைத் தாண்டிக் கையெழுத்துப் போட்டதில் இரண்டு படிவம் வீணாயிற்று. மூன்றாவதில் முத்திரை விழுந்தது.

வீடு ஞாயிற்றுக்கிழமை காலை இடிபட்டது. நான்கு பேருக்கான உத்தரவு என்பதால் இரண்டு அறைக்குப் பதில் மூன்று அறை கிடைத்தது. நான்காம் மாடி, தெற்குப் பார்த்த பால்கனி. ஹுர்ரியத் இதைத் தன் சாமர்த்தியம் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறாள். பிரோன்யா ஒரு வாரம் தங்கி, தினமும் பால்கனியில் உட்கார்ந்து பிள்ளை விளையாடுவதைப் பார்த்துவிட்டுப் பென்சாவுக்குத் திரும்பினார். வெயில் நாட்களிலும் இப்போது கடைக்குப் போய்வருவதாகவும், யாராவது கீழே பார்த்தால் அது மகளாக இருக்கிற வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிடுவதாகவும் கடிதம் எழுதினார்.

அடுத்த வருடம் மஸ்தூரா கதவு நிலையில் கரியால் ஒரு கோடு போட்டாள். ஆறு மாதத்தில் நிழல் அந்தக் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் வளர்ந்திருந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறதே என்று, பதிவுத் தாளை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். இரண்டாம் வகுப்பு ஏற்கனவே படித்திருப்பதாகச் சான்று இருந்ததால் மூன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். தலைமையாசிரியை சீருடை இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். வெளிச்சம் வேண்டுமே என்று ஜன்னலோர வரிசையில் இடம் ஒதுக்கினார். கணக்கில் இப்போதும் நல்ல மதிப்பெண் வாங்குகிறாள். மேகம் போட்ட நாட்களில் மட்டும் வகுப்பில் இருக்கமாட்டாள். அன்றைக்கு மஸ்தூரா விடுப்புக் கடிதம் கொடுத்தனுப்புகிறாள். காரணம் என்ற இடத்தில் மேகமூட்டம் என்று எழுதி, கீழே தாயார் என்று கையெழுத்துப் போடுகிறாள். ஆசிரியை அதை வாங்கி மற்றப் பிள்ளைகளின் கடிதங்களோடு கோப்பில் வைத்துக்கொள்கிறார்.